கோப்புகளைக் காக்கவும் படிப்பு உண்டு

வரலாற்றில் முதுகலை முடித்தவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பி.எட்., நெட், டிஎன்பிஎஸ்சி என்றுதான் பதில் வரும். ஆவணக் காப்பகம் என்று சொல்பவர் அரிது. அப்படியொரு வழி இருப்பதைக் கல்லூரியிலேயே சொல்லித்தர வேண்டும்.

1891-ல் கல்கத்தாவில் தொடங்கி, பிறகு டெல்லிக்கு மாறியது இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம். அதன் பயிற்சிப் பள்ளி 1976-ல் உருவானது. முதுகலைப் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும், பழைய தாள்களைப் பேணுவது போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சியும் அங்கே உண்டு.

இந்த வேலை நூலகப் பணியைப் போன்றதல்ல. நூலகர் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பார். ஆவணக் காப்பாளர் அப்படிச் செய்யக் கூடாது. கோப்பு எந்த அலுவலகத்தில் உருவானதோ, அங்கே எந்த வரிசையில் இருந்ததோ, அது கலையாமல் காக்க வேண்டும். உதாரணமாக, பஞ்சம் பற்றிய கடிதங்களை மட்டும் பொறுக்கி ஒரே கட்டாகக் கட்டினால் தேடுபவருக்கு வசதிதான். ஆனால், ஆட்சியரின் கடிதம் வருவாய் வாரியத்துக்கு வந்த நாளில் வாரியம் வேறு எதைப் பேசிக்கொண்டிருந்தது, பதில் எத்தனை நாள் தாமதமானது, யார் கையில் தேங்கியது என்பதெல்லாம் அதோடு போய்விடும். கடிதம் மிஞ்சும், சாட்சியம் மிஞ்சாது.

எதை அழிக்கலாம் என்று முடிவெடுப்பதிலும் ஆவணக் காப்பாளர்களுக்குப் பொறுப்பு உண்டு. மத்திய அரசு ஆவணங்களுக்கான 1993-ம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அதன்படி, 1892-க்கு முந்தைய ஆவணத்தை, பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தாலொழிய அழிக்க முடியாது.

வேலை எங்கே? எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னையில் 1994-ல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புணேயில் ரிசர்வ் வங்கியும் டாடா குழுமமும் நடத்தும் காப்பகங்கள், மும்பையில் கோத்ரெஜ் காப்பகம் என்று பட்டியல் நீளும். ஆய்வேட்டுக்கு வெளியே வரலாற்றை மக்களிடம் கொண்டுசெல்லும் பொது வரலாற்றுப் பணியும் உண்டு. 2017-ல் அமிர்தசரஸில் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகம், அகதிகளாக வந்தவர்களின் வாய்மொழிச் சாட்சியங்களைக் கொண்டே அந்தக் காலத்தைச் சொல்கிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் ‘நூலகம்’ என்னும் திட்டமும் 2005 முதல் இயங்குகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் துறையின் பல பணிகள் திட்ட நிதியில் நடப்பவை. நிதி தீர்ந்தால் வேலையும் முடியும். நிரந்தர இடங்கள் குறைவு என்பதால் கூடுதலாக ஒரு திறன் கைவசம் இருப்பது நல்லது. உதாரணமாக, தஞ்சை மராட்டியரின் ஆவணக் கட்டுகள் மராத்தியின் பழைய எழுத்துமுறையான மோடியில் இருக்கின்றன. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. வரலாறு படிக்கும் மாணவர் படிப்புக் காலத்திலேயே அதைக் கற்கத் தொடங்கலாம்.