ஸ்பானிய மொழி கற்பார்க்கு

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குவோருட் பலர் வினை விகுதிகளைக் கண்டு மலைத்துக் கைவிடுகின்றனர். தமிழர்க்கு அம்மலைப்பு வேண்டுவதன்று. ‘ஆப்லோ’ எனின் ‘பேசுகிறேன்’; ‘ஆப்லாமோஸ்’ எனின் ‘பேசுகிறோம்’. நம் மொழியிற்போலவே, எழுவாய் தொக்கு நிற்பினும் விகுதியே இடமும் எண்ணும் உணர்த்தும். ‘பெரோ’ என்பது ‘ஆனால்’. நா அதிரச் சொல்லும் ‘பெர்ரோ’ என்பது ‘நாய்’. ரகர றகரம் பிரித்துப் பழகிய செவிக்கு இஃது அரிதன்று.

உண்மை இடர்ப்பாடு பாலிலேயே உளது. நாம் அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் கொள்வதில்லை. போர்த்துக்கேயர் நமக்குத் தந்த ‘மேசை’ ஸ்பானியத்தில் ‘மேசா’ எனப் பெண்பாலாம். புத்தகமோ ‘லிப்ரோ’ என ஆண்பாலாம். பெயரைத் தனியே கல்லாது, ‘லா மேசா’, ‘எல் லிப்ரோ’ எனப் பால் காட்டும் முன்னடையோடு மனனஞ் செய்தல் வேண்டும்.

தாய்மொழி இலக்கணந் தெளிந்தார்க்கே வேற்றுமொழியில் எஃது எளிது, எஃது உழைப்பு வேண்டுவது என்பது விளங்கும். மாணாக்கர் இதனை உள்ளத்திற் கொள்வாராக.