நோயில்லாதவருக்குப் பரிசோதனை ஏன்?

எங்களிடம் படித்த மாணவர் ஒருவருக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு செண்டோல் கடையில் வேலை கிடைத்தது. ஆனால் அவர் வருத்தத்தோடுதான் எங்களிடம் வந்தார். “மருத்துவப் பரிசோதனை செய்து, ஊசியும் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்கள், சார். என்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது?” என்று கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பினாங்கு நகரத்து உணவுக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு நாம் அனைவரும் விடை அறிந்திருப்பது நல்லது.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ், 2009-இல் உணவுச் சுகாதார விதிமுறைகள் வந்தன. உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் அதற்குரிய பயிற்சி பெற வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரிடம் உடலைச் சோதித்துத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த ஊசி டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலைத் தடுப்பதற்காகப் போடப்படுவது.

காய்ச்சல் இல்லாதவருக்கு இதெல்லாம் எதற்கு? டைபாய்டு வந்து குணமானவர்களில், நூற்றில் ஒருவர் முதல் ஐவர் வரை, கிருமியைப் பித்தப்பையில் சுமந்தபடியே நடமாடுகிறார்கள். அவர்களுக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் கிருமி மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கையைச் சரியாகக் கழுவாவிட்டால் அது உணவில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் மேரி மலோன் என்ற சமையற்காரி இருந்தார். 1906-இல் அவர் சமைத்த வீட்டில் பதினொரு பேரில் ஆறு பேருக்கு டைபாய்டு கண்டது. மேரியோ நல்ல திடகாத்திரமாக இருந்தார்! தம்மிடம் கிருமி இருப்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு 1910-இல் விடுவிக்கப்பட்டும், வேறு பெயரில் மீண்டும் சமைக்கப் போனார். 1915-இல் ஒரு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அதன்பின் 1938-இல் இறக்கும்வரை மேரியைத் தனிமையிலேயே வைத்தார்கள்.

அவர் செய்த பழ ஐஸ்கிரீம்தான் நோயைப் பரப்பியிருக்கும் என்று ஆராய்ந்தவர் கருதினார். கொதிக்கும் குழம்பில் இந்தக் கிருமி மடிந்துவிடும், குளிரில் மடியாது. செண்டோல், ஐஸ் கச்சாங், நறுக்கிய பழம் ஆகியவை பரிமாறும்முன் சூடாக்கப்படாமலே நம் வாய்க்கு வருபவை. அவற்றைத் தொடும் கை சுத்தமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஊசியின் பலன் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. பிறகு மறுபடி போட வேண்டும். முன்பே உடலில் தங்கிவிட்ட கிருமியை அது அகற்றாது. முன்பு டைபாய்டு வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிருமி இருப்பது தெரிந்தால், இன்று அதற்கு மருந்து உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் முதலாளியிடம் சொல்லிவிட்டு, உணவைத் தொடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும். ஊசி போட்டவரும் கழிவறைக்குப் போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

இவற்றை எல்லாம் கேட்ட அந்த மாணவர் மறுநாளே கிளினிக்கிற்குப் போனார். விடுமுறை நாளில் நாம் பிள்ளைகளோடு பினாங்கிற்குப் போகும்போது, செண்டோல் கலந்து கொடுப்பது அவருடைய கையாகவும் இருக்கலாம். வேலைக்குக் கிளம்பும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.