பெயரையே அடகு வைத்த ஃபோர்டு!

அவசரம்னா நகையை அடகு வைப்போம், வீட்டுப் பத்திரத்தைக்கூட வைப்போம். ஃபோர்டு கம்பெனி, தன் பெயர் எழுதிய அந்த நீல லோகோவையே அடகு வைத்தது!

1903-ல் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய கம்பெனி. 1908-ல் வந்த 'மாடல் டி' கார் செம ஹிட். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும், 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. விலை இறங்க, ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன.

அந்த ஃபோர்டுக்கு 2006-ல் மட்டும் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். எஸ்யூவிகளையே ரொம்ப நம்பியிருந்த நேரத்தில் பெட்ரோல் விலை எகிறியதும் ஒரு காரணம். விமானம் செய்யும் போயிங்கிலிருந்து ஆலன் முலாலியைத் தலைவராகக் கூட்டிவந்தார்கள்.

வாராவாரம் மீட்டிங். நல்லா போற வேலைக்குப் பச்சை, சிக்கலுக்குச் சிவப்பு. எல்லாருமே பச்சையைத்தான் காட்டினார்கள். கம்பெனி மூழ்குது, ரிப்போர்ட்ல மட்டும் எல்லாம் ஓகே! (உங்க ஆபீஸ் ஞாபகம் வருதா?) ஒருநாள் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டினார். 'போச்சு, வேலை காலி' என்று மற்றவர்கள் நினைக்க, முலாலி கைதட்டினார். என்னைக் கேட்டால், ஃபோர்டு பிழைக்கத் தொடங்கியது அங்கேதான்.

அதே 2006-ல்தான் ஃபேக்டரிகள், லோகோ எல்லாவற்றையும் அடமானம் கொடுத்து சுமார் 2,300 கோடி டாலர் திரட்டினார்கள். 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலாக, ஃபோர்டு தாக்குப்பிடிக்க அந்தக் காசுதான் கைகொடுத்தது. இடையில் ஜாகுவார், லேண்ட் ரோவரை நம்ம டாடாவிடம் விற்க வேண்டியிருந்தது.

2012 மே மாதம், லோகோ அடமானத்திலிருந்து மீண்டது.