செல்போன் வந்த பாதை – 12
ஏர்செல்: சொந்த ஊரில் வென்றது, கடனில் வீழ்ந்தது

சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் ஆகிய இரண்டு நிறுவனங்கள் செல்போன் சேவையைத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களின் உரிமம் சென்னையோடு நின்றுவிட்டது. தொலைத்தொடர்புத் துறையின் அன்றைய கணக்கில் சென்னை ஒரு வட்டம். மீதித் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து இன்னொரு வட்டம். மதுரையிலோ கோவையிலோ வாங்கிய சிம்மோடு சென்னைக்கு வந்தால் ரோமிங். அந்த இரண்டாவது வட்டத்தில் எழுந்து, தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் செல்போன் எண்ணைக் கொடுத்த நிறுவனம் ஏர்செல்.

1999-ல் ஏர்செல்லைத் தொடங்கியவர் ஸ்டெர்லிங் குழுமத்தின் சி. சிவசங்கரன். எண்பதுகளில் கம்ப்யூட்டரை மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்றுப் பெயர் வாங்கியவர். விலை இறங்கினால் வாங்குபவர் பெருகுவார் என்ற அந்தக் கணக்கையே செல்போனிலும் போட்டார்.

காலமும் கைகொடுத்தது. அதே 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. அதுவரை உரிமக் கட்டணமாக ஆண்டுதோறும் பெருந்தொகை கட்டித் திணறிய நிறுவனங்கள், இனி வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும் என்றானது. 2003-ல் வரும் அழைப்புக்குக் காசு வாங்கும் வழக்கமும் ஒழிந்தது. பேசுபவர் மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்றதும், கொத்தனாரும் ஆட்டோ ஓட்டுநரும் பூக்காரம்மாவும் தைரியமாக எண் வாங்கினார்கள். அவர்களுக்கு வேலை அந்த எண்ணைத் தேடித்தான் வந்தது.

அதே ஆண்டில் ஆர்பிஜி செல்லுலாரை ஏர்செல் விலைக்கு வாங்கியது. சென்னை, தமிழ்நாடு என்ற இரண்டு வட்டங்களும் ஒரே கைக்கு வந்தன. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு டாப்-அப், பேச்சுக் கட்டணத்தைக் குறைக்கும் பூஸ்டர் என்று சிறுகச் சிறுகச் செலவழிப்பவர்களைக் குறிவைத்து வளர்ந்து, மாநிலத்தில் முதலிடத்துக்கு வந்தது. பெரிய தேசிய நிறுவனங்கள் இங்கே ஏர்செல்லுக்குப் பின்னால்தான் நின்றன.

2006-ல் கம்பெனி கைமாறியது. 74 சதவீதப் பங்கு மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனத்துக்குப் போனது. மீதி 26 சதவீதம் அப்போலோ மருத்துவமனையை நடத்தும் ரெட்டி குடும்பத்தினரிடம். மேக்சிஸின் அப்போதைய உரிமையாளர் டி. ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூரில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினர். இந்த விற்பனைக்குத் தன்னை நெருக்கினார்கள் என்று சிவசங்கரன் பின்னாளில் புகார் கூற, 2011-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. அந்த வழக்கிலிருந்து முன்னாள் மத்திய அமைச்சர் தயாநிதி மாறனையும் அவர் சகோதரர் கலாநிதி மாறனையும் 2017 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது.

புதிய உரிமையாளர்களுக்குத் தமிழ்நாடு போதவில்லை. நாடு முழுவதும் சேவை என்று கிளம்பினார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையில் ஏர்செல்லின் பெயர் மின்னியது. இந்தியாவில் மிஞ்சியிருப்பவை 1,411 புலிகள் என்று சொன்ன விளம்பரம் வடக்கிலும் அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்தது. பெயர் பரவிய வேகத்தில் வருமானம் பெருகவில்லை. புதிய மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே வேரூன்றிய போட்டியாளர்கள் இருந்தார்கள்.

2010-ல் நடந்த இரண்டு காரியங்கள்தான் இந்தக் கதையின் திருப்பம் என்பேன். முதலாவது, தன்னிடமிருந்த 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ரா நிறுவனத்துக்குச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டது. இரண்டாவது, 3ஜி ஏலத்தில் 13 வட்டங்களுக்குச் சுமார் 6,500 கோடியும், பிராட்பேண்ட் அலைவரிசைக்கு 8 வட்டங்களில் சுமார் 3,400 கோடியும் கொட்டியது. சொந்த வீட்டை விற்று வாடகைக்குக் குடிபோய், கையில் வந்த காசைவிட அதிகத் தொகைக்கு நிலம் வாங்கியது போன்ற காரியம் இது. அன்று முதல் மாதாமாதம் டவர் வாடகையும் வட்டியும் தலைமேல் ஏறின.

2016 செப்டம்பரில் ஜியோ இலவச அழைப்போடு வந்தபோது ஏர்செல்லிடம் தாக்குப்பிடிக்கத் தெம்பில்லை. அதே மாதம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணைவதாக அறிவித்தது. 2017 அக்டோபரில் அந்த இணைப்பும் முறிந்தது. 2018 ஜனவரியில் குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் கடையை மூடியது.

பிப்ரவரியில் சொந்த மண்ணிலேயே சிக்னல் போனது. வாடகை பாக்கிக்காக டவர்கள் நிறுத்தப்பட்டன. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு பெற வேண்டும். எஸ்எம்எஸ் போகவே சிக்னல் இல்லை. ஏர்செல் அலுவலகங்களின் வாசலில் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். வங்கிக்கணக்கு, எரிவாயு பதிவு, ஆதார் எல்லாம் அந்த எண்ணோடு கட்டுண்டு கிடந்தன. பிப்ரவரி 28 அன்று நிறுவனம் மும்பை தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை நாடியது. அப்போது கடன் ஏறத்தாழ 15,500 கோடி ரூபாய்.

முதலீட்டாளர் துணிந்து இறங்கினார், இழந்தார். அது அவர் எடுத்த முடிவு. வங்கிகள் தீர்ப்பாயத்தில் தங்கள் பங்கைக் கேட்டு நின்றன. பத்து ரூபாய் டாப்-அப் போட்டவருக்கு எந்த முடிவிலும் பங்கில்லை, முன்னெச்சரிக்கையும் இல்லை. ஆறு வட்டங்களில் சேவை நின்றபோதே மற்ற வட்டங்களின் வாடிக்கையாளர்களை ஒழுங்காக இடம்மாற்ற அரசு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செல்போன் எண் இன்று குடிமக்களின் அடையாளம். அதைக் கையாளும் நிறுவனம் நொடித்தால் ஒரு நாள்கூட இணைப்பு அறாமல் காப்பதற்குச் சட்டத்தில் இடம் வேண்டும். ஏர்செல்லின் வீழ்ச்சி நமக்குச் சொல்லிச்சென்ற பாடம் இதுதான்.

(தொடரும்)