சத்துமாவோடு மடியும் வேண்டும்

பதிவேட்டில் ஏறாத சத்து

கோவளம் போன்ற மீனவர் ஊர்களில் விடியுமுன் அப்பா கடலுக்குப் போய்விடுவார். படகு கரையேறியதும் அம்மா மீன் கூடையோடு கிளம்பிவிடுவார். பிள்ளையின் பகல்பொழுது பாட்டியிடமும் பால்வாடியிலும்தான் கழியும். அந்தப் பால்வாடியைச் சத்துமாவும் முட்டையும் கிடைக்கும் இடமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1975 அக்டோபர் 2 அன்று, அங்கன்வாடி எனப்படும் இந்தப் பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே, ஊட்டச்சத்து, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் அதில் இருந்தது. ஆனால் எடைக்கும் உயரத்துக்கும் பதிவேடு உண்டு. அழுத பிள்ளையை டீச்சர் தூக்கிவைத்துப் பேசியதற்குக் கிடையாது. கணக்கில் வராதது இரண்டாம்பட்சமாகிவிட்டது. அந்த அரவணைப்பும் உடல்நலம்தான்.

விளையாட்டும் பேச்சும் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று: 1980-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஊட்டச்சத்து மட்டும் தந்தார்கள். இன்னொரு பிரிவின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், தாயையும் சேர்த்துக்கொண்டு, கையால் செய்த பொம்மைகளை வைத்து விளையாடிப் பேசினார். இரண்டே ஆண்டுகள்தான். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். வெறும் ஊட்டச்சத்தின் பலன் அவ்வளவு காலம் நிற்கவில்லை. அதற்காக முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. பசித்த பிள்ளையிடம் விளையாட்டு எடுபடாது.

ஒரு டீச்சர் எத்தனை வேலை பார்ப்பார்?

நியாயமான கேள்வி. எடை போடுவது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, செல்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் அவர் தலையில்தான். கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், கூடுதல் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே சோதித்தார்கள். கற்பிக்க மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தியதும் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது; மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய டீச்சருக்கு மிச்சமான நேரம் ஊட்டச்சத்துப் பணிக்குப் போனதால் வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. அந்த ஆய்வு அன்பை அளக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நேரமே இல்லாத இடத்தில் உறவு எங்கிருந்து முளைக்கும்?

செல்லம் கெடுக்காதா?

கண்டிப்பு வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வாசலில் அம்மாவின் முந்தானையை விடாத பிள்ளையை அதட்டி இழுத்தால், அது பயத்தில் அடங்குமே தவிர, எதையும் கற்காது. டீச்சர் குனிந்து முகம் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, அழுகை அடங்கும்வரை பொறுத்தால், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கி மற்றவர்களோடு ஓடும். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது செல்லம், இது வேறு. தாய்மார்கள் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது ‘சாப்பிட்டானா?’ என்று கேட்பதோடு, ‘இன்று யாரோடு விளையாடினான்?’ என்றும் கேட்கலாம். டீச்சருக்குக் கூடுதல் கை வேண்டும் என்று கிராம சபையிலும் பேசலாம்.