ஒயின் ஆலையின் கழுநீர்

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில், 1568ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி ஜெபாலயத்தைச் சூழ்ந்த இல்லங்களில், ஓய்வுநாள் வழிபாட்டிற்குரிய திராட்சை ரசத்தைக் குடும்பத்தினரே தயாரித்து வந்தனர். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டுக் காய்ச்சி வடிப்பது அவர்கள் முறை. பாத்திரம் கழுவிய நீர் இரண்டு குடம் இருந்திருக்குமா? அதனால் கொச்சிக் காயலுக்குத் தீங்கு நேர்ந்திராது. இதே வேலை ஆலையில் நடைபெறுமாயின் கணக்கு வேறு.

பழங்களிலிருந்து மது தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கான விதிகளைக் கேரள அரசு 2022ஆம் ஆண்டில் இயற்றியது. பலா, வாழை, முந்திரிப்பழம் போன்றவை வீணாகாமல் விலைபெற இது வழி. (மலையாளத்தில் 'முந்திரி' என்பது திராட்சை, நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இது.) எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசிக்குப் பெயர் பெற்றது. அவ்வட்டாரத்து நீர் மூவாற்றுப்புழை ஆற்றின் வழியே வேம்பநாட்டுக் காயலைச் சேரும்.

ஒரு லிட்டர் ஒயினுக்கு 2 முதல் 6 லிட்டர் வரை நீர் செலவாகும் என்பர். அந்நீர் ஒயினில் கலப்பதன்று. பெரும்பகுதி பிழிபொறி, தொட்டி, தளம் ஆகியவற்றைக் கழுவுவதற்கே போகிறது. கழுவிய நீரில் பழச்சாறும் தோலும் நொதி வண்டலும் கலந்திருக்கும். இவற்றுள் எதுவும் நஞ்சன்று, யாவும் உணவே. தொல்லையும் அதுவே.

நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்ணும்போது பிராணவாயுவைச் செலவிடுகின்றன. ஒரு லிட்டர் திராட்சைச் சாற்றில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை உண்டு. அது முற்றும் சிதைவதற்கு 210 கிராம் அளவு பிராணவாயு வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்றுநீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராமுக்கும் குறைவு. அதாவது, சிந்திய ஒரு லிட்டர் சாறு சுமார் 27,000 லிட்டர் நீரின் உயிர்ப்பை உறிஞ்சவல்லது! அன்னாசிச் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய பாதி. ஆயினும் மீனுக்கு அது ஆறுதலாகாது.

காலமும் பாதகமானது. முந்திரிப்பழம் கனிவது மாசி முதல் சித்திரை வரை. அப்போதுதான் ஆறுகள் மெலிந்து, கடலின் உவர்நீர் காயலில் மேலேறுகிறது. முற்காலத்தில் பெரியாற்று நீரைப் படகில் வருவித்துக் குடித்த மட்டாஞ்சேரிக்கு நன்னீரின் அருமை தெரியாததன்று. 2002 முதல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ள காயலுக்கும் அதுவே தவிப்பான பருவம்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஆலைகள் மாநில வாரியத்தின் இசைவைப் பெறவேண்டும். ஆனால் சுத்திகரிப்புக்கு முன்பே பாதி வேலையைத் துடைப்பமே செய்துவிடும் என்பது நம் எண்ணம். தோலையும் வண்டலையும் உலர்ந்த நிலையிலேயே வாரி எருக்குழியில் இட்டபின், விசைமிக்க சிறு குழாயால் கழுவினால் நீரும் மிச்சம், மாசும் குறைவு. எஞ்சிய புளிப்பு நீரைச் சுண்ணாம்பால் சமன்செய்து, தொட்டியில் காற்றூட்டிப் பின்னர் தோட்டத்திற்குப் பாய்ச்சலாம். தொட்டி கழுவக் காஸ்டிக் சோடாவை மிகுதியாகப் பயன்படுத்தினால் மட்டும் அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அதன்பொருட்டே சில நாட்டு ஆலைகள் பொட்டாசியக் காரத்திற்கு மாறியுள்ளன. விலை சற்று அதிகம், எனினும் பயிருக்கு அது உரமுமாகிறது.