கதவில்லாத வீடுகள்... நள்ளிரவில் வந்த ஓநாய்கள்! பஹ்ரைச்சில் என்ன நடந்தது?

விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவனின் குகைக் கோயில் இருக்கும் ஊர். அந்தப் பாறைகள் பக்கம் ராத்திரியில் ஊளைச் சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் நரியாகத்தான் இருக்கும். பத்து கிலோ தேறுவதே பெரிது. ஆள் அரவம் கேட்டாலே ஓடிவிடும்.

ஆனால், உத்தரப்பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்துக்கு 2024 மழைக்காலத்தில் வந்தது நரி இல்லை, ஓநாய். நரியைப்போல இரண்டு மடங்கு எடை.

மஹ்சி வட்டார கிராமங்களில் ஜூலை நடுவில் தொடங்கி, செப்டம்பர் ஆரம்பத்துக்குள் குறைந்தது எட்டுப் பேர் பலியானார்கள். பெரும்பாலும் குழந்தைகள். புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் படுத்திருந்தவர்கள், அம்மா பக்கத்திலேயே தூங்கிய பிள்ளைகள். பல வீடுகளுக்குக் கதவே கிடையாது. இத்தனை உயிர் போன பிறகுதான் நிர்வாகம் கதவு போட்டுக் கொடுத்தது, தெருவிளக்கு வைத்தது. ஆண்கள் கையில் கம்போடு விடிய விடியக் காவல் காத்தார்கள்.

'ஆபரேஷன் பேடியா' என்ற பெயரில் வனத்துறை இறங்கியது. பேடியா என்றால் இந்தியில் ஓநாய். உடல் சூட்டை வைத்து இருட்டில் கண்டுபிடிக்கும் கேமரா பொருத்திய ட்ரோன்கள், கூண்டுகள், வலைகள். குழந்தைகளின் சிறுநீரில் நனைத்த பொம்மைகளைக்கூடத் தூண்டிலாக வைத்தார்கள். செப்டம்பர் 10-ம் தேதி ஐந்தாவது ஓநாய் சிக்கியது. ஆறாவது, அக்டோபரில் ஆடு பிடிக்க வந்தபோது ஊர்க்காரர்களிடம் அடிபட்டுச் செத்தது.

ஏன் ஊருக்குள் வந்தன? காக்ரா ஆற்று வெள்ளம் ஓநாய்க் குகைகளை மூழ்கடித்ததுதான் காரணம் என்றார்கள் சிலர். குட்டிகளைக் கொன்றதற்குப் பழிவாங்குகின்றன என்றும் பேச்சு கிளம்பியது. அது சினிமாவுக்கு வேண்டுமானால் சரி. இரை குறைந்து, சுலபமாகக் கிடைப்பதைப் பழகிக்கொண்ட கூட்டம் என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. சாதாரணமாக ஓநாய் மனிதனைத் தேடி வருவதில்லை. ஆடு, முயல், வெளிமான்தான் அதன் இரை.

இந்தியா முழுக்க மிஞ்சியிருப்பவை சுமார் 3,000 ஓநாய்கள்தான். புலிக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. கர்நாடகாவின் கொப்பல் மாவட்டம் பங்காபூரில் ஓநாய்களுக்கென்றே சரணாலயம் அமைத்திருக்கிறார்கள். ஆட்டை இழந்தவருக்கு இழப்பீடு சீக்கிரம் கைக்கு வந்தால், விஷம் வைக்கத் தோன்றாது.

பஹ்ரைச்சில் 2025 செப்டம்பரில் மறுபடியும் தாக்குதல்கள். மறுபடியும் குழந்தைகள். கிராமத்து ஆண்கள் திரும்பவும் கம்பை எடுத்துக்கொண்டு ராத்திரிக் காவலுக்குக் கிளம்பினார்கள்.